வட்டமிடாமல் அழித்த நட்சத்திரம்

சேர், போன மாதம் சென்ட் லோரன்ட் மண்டபத்தில் நீங்கள் பொய் சொன்னீர்கள்.

"எங்கடை பிரிவு ஒரு வெள்ளியைக்கூடக் கைவிட்டதில்லை" என்றீர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் நட்சத்திரத்தை வெள்ளி என்போம். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிய மனிதர் யார் தெரியுமா? நீங்கள் அழிக்கச் சொல்லி நான் அழித்த நட்சத்திரத்தைக் கண்டவர்.

அதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆகவே இதை உங்களுக்கு எழுதவில்லை. பல்கலைக்கழகத்தின் அளவீட்டுப் பிரிவில் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். அவர்களில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். நீங்களும் வாசிப்பீர்கள். இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது.

பிள்ளைகளே, அந்தப் பிரிவில் நான் பதினேழு வருடம் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தேன். மொன்றியலுக்கு வந்து ஒரு தையல் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தேன். அதன் பிறகுதான் அந்தப் பிரிவில் உட்காரக் கதிரை கிடைத்தது. நான் வானியல் அறிஞர் இல்லை. தொலைநோக்கியில் கண் வைத்தது பத்துத் தரம் இருக்காது. ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பல ஊர்களில் இருந்தும் ஆட்கள் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு பிரகாசம் என்று எண் அனுப்புவார்கள். அந்த எண்களை வாங்கிச் சரிபார்த்துப் பதிவதுதான் என் வேலை. எண் கூடினால் நட்சத்திரம் மங்கல், குறைந்தால் பிரகாசம். இவ்வளவு தெரிந்தால் இதை வாசிக்கலாம். வேலை செய்யும் முறை உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருக்கும். நான் அதில் இல்லாததைச் சொல்லப் போகிறேன்.

சேர்ந்த முதல் வாரமே பிழை விட்டேன். ஒருவர் அனுப்பிய தாளில் ஏழு, ஏழு, ஏழு என்று வந்த எண் ஒரு நாள் மட்டும் நான்கு என்று இருந்தது. கை தவறி எழுதியிருக்கிறார் என்று நினைத்து, அழித்துவிட்டு ஏழு போட்டேன். பிள்ளைகளின் கொப்பி திருத்திப் பழகிய கை அது.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கியூபெக் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். என் தோளுக்கு மேலால் பார்த்தார். என் மேசையில் இருந்த அழிறப்பரை எடுத்தார், யன்னலைத் திறந்தார், வெளியே எறிந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யன்னலை மூடிவிட்டு, பாதி ஆங்கிலத்திலும் பாதி பிரெஞ்சிலும் சொன்னார்:

"நம்பாவிட்டால் சுற்றி வட்டம் போடு. ஏன் நம்பவில்லை என்று பக்கத்தில் எழுது. எண்ணைத் தொடாதே. அது உன்னுடைய எண் இல்லை."

அந்த ஆளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டோம். நான்கு பிழைதான், கை தவறிவிட்டது என்று பதில் வந்தது. நான் அந்தக் கடிதத்தைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லது. பிழை என்று அவரே சொன்னார் என்று வட்டத்துக்குப் பக்கத்தில் எழுது. நான்கு அங்கேயே இருக்கட்டும்."

இதென்ன விசர் என்று நினைத்தேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவருடைய அலுமாரியில் இருந்த பழைய புத்தகங்களை வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கக் கோபம் வந்தது.

ஐரோப்பாவில் படித்தவர்கள் நெடுங்காலம் நம்பியது என்னவென்றால், நிலவுக்குக் கீழே இருப்பதுதான் கெடும், மாறும். நிலவுக்கு மேலே எதுவும் மாறாது. 1054-ஆம் ஆண்டில் பகலிலும் தெரிகிற அளவுக்கு ஒரு நட்சத்திரம் புதிதாக வந்தது. சீனர்கள் அதை விருந்தாளி நட்சத்திரம் என்று பதிந்து, வந்த நாளையும் மறைந்த காலத்தையும் குறித்தார்கள். அது அரசனுக்கு என்ன பலன் சொல்கிறது என்றும் எழுதினார்கள். பலன் குப்பை. ஆனால் நாள் அப்படியில்லை. அந்த இடத்தில் இன்றும் வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் முகில் தெரிகிறது. எப்போது வெடித்தது என்று கேட்டால் அந்தச் சீனத்து எழுத்தரைத்தான் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் அதை ஒழுங்காக எழுதி வைத்தவர் என்று ஒருவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே மனிதர்களுக்குக் கண் இருக்கவில்லையா?

1572-இல் இன்னொன்று வந்தது. அதை மறுக்க முடியாமல் விளக்கம் சொன்னார்கள். காற்றில் பற்றிக்கொண்ட ஆவி என்றார்கள். வால் இல்லாத வால்வெள்ளி என்றார்கள். டென்மார்க்கில் ஒருவர், பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களில் இருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று மாதக்கணக்காக அளந்தார். அசையவே இல்லை. கிட்ட இருக்கிற பொருள் என்றால் அசைந்திருக்க வேண்டும். ஆகவே அது நிலவுக்கு மேலே இருக்கிறது, ஆகவே மேலேயும் மாறும். இந்தச் சோதனையை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் வேண்டும்.

1596-இல் ஒரு பாதிரியார் ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். அது மங்கி மறைந்தது. புதிதாக வந்தது செத்துவிட்டது என்று விட்டுவிட்டார். பதின்மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் திரும்பக் கண்டார். அது பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்து போகிறது என்று இன்னொருவருக்குப் பிடிபட மேலும் முப்பது வருடம் ஆனது.

இங்கிலாந்தில், பிறகு, காது கேளாத ஓர் இளைஞர், ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நட்சத்திரம் சில மணி நேரம் மங்குவதைப் பிடித்தார். இருட்டான இன்னொன்று அதைச் சுற்றி வந்து மறைக்கிறதாக்கும், அல்லது அதன் முகத்தில் கறை இருக்கிறதாக்கும் என்று இரண்டு விளக்கம் வைத்தார். பெரியவர்களுக்குக் கறைதான் பிடித்தது. நூறு வருடம் கறை கறை என்றார்கள். ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி வந்த பிறகுதான் மறைப்பது துணை நட்சத்திரம் என்று தெரிந்தது. உடனே மறுபக்கம் ஓடினார்கள். ஒளி மாறுகிறதா, துணை இருக்கிறது! வேறொரு வகை நட்சத்திரத்துக்கும் அதே விளக்கத்தைக் கட்டினார்கள். கணக்குப் போட்டால் அந்தத் துணை, நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்ளே சுற்ற வேண்டி வந்தது. அது துணை இல்லை, அந்த நட்சத்திரமே விரிந்து சுருங்குகிறது என்று ஒப்புக்கொள்ளப் பல வருடம் எடுத்தது.

பிழையான விளக்கம் சொன்னதற்காக இவர்களில் ஒருவரையும் நான் திட்ட மாட்டேன். விளக்கம் பிழையாகத்தான் போகும். இன்று நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பதும் ஒரு நாள் பிழையாகும். ஆனால் எண் இருந்தபடியால்தான் பின்னால் வந்தவன் திருத்தினான். எண்ணை எறிந்திருந்தால் எதை வைத்துத் திருத்துவான்?

வட்டம் ஏன் என்று எனக்கு அப்போது விளங்கியது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலத்தில் அந்தக் கியூபெக் பெண் வேறு ஊருக்கு மாறிப் போனார். பிரிவுக்குப் புதுத் தலைவராகச் சேர் வந்தார். தமிழர், யாழ்ப்பாணத்தார், உண்மையாகவே திறமைசாலி. முதல் நாள் நான் வீட்டில் இருந்து றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். எங்கள் ஆள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவ்வளவு சந்தோசம். நான் படிப்பித்தவள் என்று அறிந்து அன்றில் இருந்து என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

அவர் தாள்களை ஒழித்துக் கணினியைக் கொண்டுவந்தார். அதையும் நான் குறை சொல்லவில்லை. எண்கள் மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. ஒரு நட்சத்திரத்தின் முந்திய எண்களோடு ஒத்துப்போகாத எண் ஒன்று தனியாக வந்தால் திரை சிவப்பாகும். இரண்டு பொத்தான். ஒன்று வைத்திரு, மற்றது அழி.

"சேர், வட்டம் போட இடம் இல்லையே" என்றேன்.

"வட்டம் எண்டது முடிவெடுக்கப் பயந்தவையின்ரை வேலை, ரீச்சர்."

"பயமில்லை சேர். தெரியாது எண்டு எழுதுறதுக்கும் ஒரு இடம் வேணும்."

"தெரியாததைச் சேமிச்சு என்ன செய்யப் போறியள்? பேந்து பாப்பம்."

பேந்து என்ற அந்தப் பிறகு வரவே இல்லை.

இப்போது சூசையண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசைப்பிள்ளை. மன்னார் ஆள். அங்கே தந்தி அலுவலகத்தில் இருந்தவர். இங்கே செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடியில் வீடு, சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. யாரோ வீட்டு வாசலில் விற்கப் போட்ட பழைய தொலைநோக்கியை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் போகும் சின்னப் பாதையில், ஒழுங்கையில், வைத்துப் பார்க்கத் தொடங்கியவர். எங்களுக்குத் தபாலில் எண் அனுப்புவார். கணினி வந்த பிறகும் தாளில்தான். ஒவ்வொரு தாளுக்கும் அடியில் கார்பன் வைத்து ஒரு பிரதி எடுத்து வைப்பார். தந்தி அலுவலகத்துப் பழக்கம்.

அவருடைய நட்சத்திரம் ஒன்று மிதுனத்தில் இருந்தது. உண்மையில் அது இரண்டு. செத்துச் சுருங்கிய ஒரு சின்ன நட்சத்திரம் தன் துணையிடம் இருந்து வாயுவை இழுத்துச் சுற்றிலும் சேர்த்துக்கொண்டே இருக்கும். பல வருடத்துக்கு ஒருமுறை அந்த வாயுத் தட்டு திடீரென்று பிரகாசிக்கும். இன்றைய விளக்கம் இது. மற்ற நாட்களில் அவருடைய கருவிக்கு அது எட்டவே எட்டாது. ஆறு வருடமாக, வானம் தெளிவான ஒவ்வொரு மாலையும் பார்த்து, "பதினொன்றைவிட மங்கல், தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினார். ஆறு வருடம்! ஒருமுறை அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அலுக்கேல்லையோ அண்ணை?"

"தந்தி வராத நாளும் புத்தகத்திலை வரேல்லை எண்டு எழுதோணும், தங்கச்சி. எழுதாட்டில் ஒப்பீசு துறந்ததோ பூட்டினதோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவருடைய மனைவி மேரியக்கா அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தார். "கலியாணம் கட்டேக்கை மனிசன் சொன்னவர், உமக்கு வானத்து வெள்ளியைக் காட்டுவன் எண்டு. இப்ப காணேல்லை, காணேல்லை எண்டு கடிதம் போடுறார்."

சூசையண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஒரு மாசி மாதம், வியாழக்கிழமை காலை, தொலைபேசி அடித்தது. களஞ்சியத்தில் இடைவேளை போல. பின்னால் இயந்திரச் சத்தம்.

"தங்கச்சி, எழும்பிட்டுது."

"என்ன அண்ணை?"

"வெள்ளி! என்ரை வெள்ளி எழும்பிட்டுது. நேற்று ஏழு மணிக்கு. ஒன்பது தசம் எட்டு. நான் நம்பேல்லை. படத்தை வைச்சு ஒவ்வொரு வெள்ளியா எண்ணினன். ஒன்பது மணிக்குத் திரும்பப் போய்ப் பாத்தன். பக்கத்து ரெண்டு வெள்ளிக்கும் நேரா அதே இடம். அசையேல்லை. மேரியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன், குளிருக்கை என்னைப் பேசிப் பேசிப் பாத்தவ."

விளங்குகிறதா பிள்ளைகளே? 1572-இல் டென்மார்க்கில் அந்த மனிதர் செய்ததைத்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற இந்த மனிதர் செயின்ட்-மிஷேல் ஒழுங்கையில் செய்திருந்தார்.

எண்ணை அடித்தேன். திரை சிவந்தது. தலைவருடைய அறைக்குப் போனேன்.

அன்று நல்ல நாள் இல்லை. வருடத் தொகுப்பை மூன்று மணிக்குப் பூட்டி மற்ற நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய மேசையில் இரண்டு தொலைபேசியும் அடித்துக்கொண்டிருந்தன.

"ஆறு வருசமா ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதின மனிசன்" என்றார். "பக்கத்து வெள்ளியைப் பாத்திருப்பார்."

"எண்ணிப் பாத்தவராம் சேர்."

"அப்ப ஒரு சிறுகோள் அதாலை போயிருக்கும்."

"ரெண்டு மணித்தியாலம் அசையேல்லையாம்."

"அந்தக் கருவியிலை அசைவு தெரிய ரெண்டு மணித்தியாலம் காணாது, ரீச்சர். உங்களுக்கும் தெரியும்."

அது உண்மை. நான் ஒப்புக்கொள்கிறேன். "வேறை ஆரையும் பாக்கச் சொல்லுவம். இண்டைக்கு இஞ்சை முகில். மேற்கிலை ஆரையும் கேப்பம். ஒரு நாள் தாங்கோ" என்றேன்.

"மூண்டு மணிக்குப் பூட்டவேணும். ஒரு ஆளின்ரை ஒரு எண்ணுக்காக நான் எல்லாரையும் காக்க வைக்க ஏலாது. அழியுங்கோ. அவருக்கும் ஒரு கடிதம் போடுங்கோ, பக்கத்து வெள்ளியைப் பாத்திருக்கிறியள் எண்டு. இனிக் கொஞ்ச நாளைக்கு அவற்றை எண்ணை எடுக்கவேண்டாம்."

என் கதிரைக்குத் திரும்பினேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எண்ணை எழுதி வட்டம் போட்டிருக்கலாம். ஒரு துண்டுக் காகிதம்! அதைக்கூடச் செய்யவில்லை. அழி என்பதை அமுக்கினேன். கேட்டது அவர், அமுக்கிய விரல் என்னுடையது. இதை நான் மறைக்கவில்லை. கடிதத்தையும் நான்தான் அடித்தேன். அவர் கையெழுத்து வைத்தார்.

ஆனால் இதைக் கவனமாக வாசியுங்கள். வியாழக்கிழமை அவர் சந்தேகப்பட்டது குற்றம் இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் அந்தப் பிரிவு இருக்கிறது. நானும் ஒரு கணம் சந்தேகப்பட்டேன். குற்றம் செவ்வாய்க்கிழமை நடந்தது.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் ஓர் அறிவித்தல் வந்தது. ஜப்பானில் ஒருவர் அந்த நட்சத்திரம் பிரகாசமாக இருப்பதைக் கண்டிருக்கிறார். எப்போது எழும்பத் தொடங்கியது என்று தெரியவில்லை, முந்திய பார்வை ஏதும் யாரிடமாவது இருந்தால் உடனே அறிவிக்கவும் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை தபாலில் சூசையண்ணையின் தாள்கள் வந்தன. புதன்கிழமை பார்த்தது இருந்தது. அதற்கு முந்திய நாள் பார்த்துத் தெரியவில்லை என்று எழுதியதும் இருந்தது. சனிக்கிழமை விடிய முன் முகில் விலகியபோது திரும்பவும் கண்டிருக்கிறார்: அதே இடம், அசையவில்லை என்று கோடு போட்டு எழுதியிருந்தார். சிறுகோள் இரண்டு நாளுக்கு மேல் ஓர் இடத்தில் நிற்காது. உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த பதில், எந்த நாளுக்கும் எந்த நாளுக்கும் இடையில் எழும்பியது என்பது, என் கையில் நீல மையில் இருந்தது.

ஓடினேன். அவர் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். முகம் மாறியது; அதை நான் கண்டேன்.

"இப்ப இதைக் குடுத்தால், அறிவித்தல் வந்த பிறகு நாங்கள் சோடிச்சது எண்டு சொல்லுவினம்" என்றார்.

"தபால் முத்திரை இருக்குது சேர். சனிக்கிழமை போட்டது. அறிவித்தல் வந்தது திங்கள்."

"அப்ப வியாழக்கிழமை ஏன் அழிச்சனீங்கள் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

"ரீச்சர், தொகுப்புப் போயிட்டுது. ஒரு முறை பிழை எண்டு வந்தால் முழுத் தொகுப்பையும் நம்பமாட்டினம். எத்தினை பேரின்ரை உழைப்பு அது? இதை விடுங்கோ."

மேசை லாச்சியை இழுத்துத் தாள்களை அதற்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் கதிரைக்குப் போனேன். அந்த லாச்சியை ஒருநாளும் நான் திறக்கச் சொல்லவில்லை. அந்த நட்சத்திரத்தைப் பற்றி அடுத்த வருடம் வந்த கட்டுரையில், அறிவித்தலுக்கு முந்திய பார்வை எதுவும் இல்லை என்று எங்கள் பிரிவு எழுதியது. கீழே உதவியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் சூசையண்ணைக்கு எங்கள் கடிதம் கிடைத்தது. அழைத்தார்.

"தங்கச்சி, இதிலை பக்கத்து வெள்ளி எண்டு கிடக்குது."

"ஓம் அண்ணை. சேர் அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்."

"அப்ப நான் பாத்தது என்ன?"

அவரிடம் இணையம் இல்லை, கணினி இல்லை. ஜப்பானில் இருந்து வந்த செய்தி அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு வசனம் சொன்னால் போதும். நான் சொன்னேன்: "பிழை எல்லாருக்கும் வாறதுதானே, அண்ணை."

அதற்குப் பிறகு அவரிடம் இருந்து தாள் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. வெட்கம். மூன்று வருடத்தில் ஓய்வு பெற்றேன், கேக் வெட்டினார்கள்.

போன மாதம், ஞாயிறு மத்தியானம், சேர் பேசிய அந்த உரைக்குப் போனேன். நட்சத்திரங்கள் மாறுவதை மனிதர்கள் எப்படி விளக்கினார்கள் என்பது தலைப்பு. நன்றாகத்தான் பேசினார். 1572-ஐச் சொன்னார். கண்ணுக்கு முன்னால் நிற்கிற நட்சத்திரத்தை ஆவி என்று சொன்ன படித்தவர்களை நடித்துக் காட்டினார். மண்டபம் சிரித்தது. ஓர் அம்மா எழும்பிக் கேட்டார்: "இந்தக் காலத்திலையும் அப்பிடி நடக்குமோ, டொக்டர்? உங்கடை பிரிவிலை?" அப்போதுதான் அந்த வசனம் வந்தது. ஒரு வெள்ளியைக்கூட.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் சூசையண்ணை கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது பனி. மேரியக்கா என்னைக் கண்டுவிட்டார். "ரீச்சர், எங்கை ஒளிச்சிருந்தனீங்கள் இவ்வளவு நாளும்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறம்" என்றார். மேரியக்காதான் கார் ஓட்டினார். அண்ணை ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன்.

"அவர் விட்டு எவ்வளவு காலம்" என்றார் மேரியக்கா. "உங்கடை கடிதம் வந்ததோடை கண் பிழை எண்டு பயந்திட்டார். வேலையிலையும் தானாப் போய்ச் சொன்னவர், எனக்குக் கண்ணை நம்பேலாது, ஃபோர்க்லிஃப்ட்டை வேறை ஆளிட்டைக் குடுங்கோ, ஆரையும் இடிச்சுப் போடுவன் எண்டு. கண் டொக்டர் ஒண்டும் இல்லை எண்டுறார். கேட்டாத்தானே? பெட்டி ஒட்டுறார் இப்ப."

"முப்பதடி உயரத் தட்டு, மேரி. பிழை விடேலாது" என்றார் அவர், முன் இருக்கையில் இருந்து, சாதாரணமாக.

பின் இருக்கையில் இருந்த நான் அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஜப்பான், தபால் முத்திரை, லாச்சி, என் விரல். ஒன்றையும் விடவில்லை. மேரியக்கா காரை வீதியோரம் நிறுத்தினார். அபாய விளக்கைப் போட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனீங்கள். நானும் அதைப் பாத்தனான். என்ரை கண்ணாலை! என்னட்டை ஆர் கேட்டது? இறங்குங்கோ ரீச்சர்."

கதவில் கை வைத்தேன். சூசையண்ணை திரும்பவில்லை. முன் கண்ணாடியில் விழும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும், மேரி" என்றார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல: "அப்ப என்ரை கண் சரி."

வீட்டுக்குப் போனதும் அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் தகரப்பேணியை இறக்கினார். ஆறு வருடத்துக் கார்பன் பிரதிகள், நாள் வரிசைப்படி. புதன்கிழமைத் தாள் அங்கே இருந்தது. சனிக்கிழமைத் தாளும் இருந்தது. நான் இரண்டையும் பிரதி எடுத்தேன். இந்தப் பத்திரிகை ஆசிரியர் மூலத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். திரை சிவக்கும். மேலே இருப்பவர் அவசரப்படுவார், அவர் சொல்லும் காரணம் நல்ல காரணமாகவும் இருக்கும். அழியுங்கள் என்றால், முதலில் ஒரு காகிதத்தில் எழுதி வட்டம் போட்டு, நாளும் உங்கள் பெயரும் போட்டு வைத்துவிட்டு அழியுங்கள். காகிதத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் பிழை என்று தெரிந்தால், அன்றைக்கே சொல்லுங்கள். அன்றைக்குச் சொன்னால் அது வேலையில் வந்த பிழை. லாச்சிக்குள் வைத்தால் அது வேறு. நான் இரண்டையும் செய்தவள், வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இனி உங்களுக்கு, சேர்.

அடுத்த ஞாயிறு அதே மண்டபத்தில் உங்களுடைய இரண்டாவது உரை இருக்கிறது. விளம்பரம் கடைகளில் ஒட்டியிருக்கிறது. முன் வரிசையில் மூன்று கதிரை பிடித்து வைத்திருப்போம்: சூசையண்ணை, மேரியக்கா, நான். தகரப்பேணி மடியில் இருக்கும். அவருடைய இரண்டு எண்களையும் பதிவேட்டில் திரும்பப் போடுங்கள். வேண்டுமானால் சுற்றி வட்டம் போடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். கட்டுரையைத் திருத்தி எழுதுங்கள். என் பெயரையும் அதில் போடுங்கள், அழித்தவள் என்று. ஆனால் அதற்கெல்லாம் முதல், அந்த மேடையில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எதிர்பாராத கேள்வி என்று பிறகு சொல்லக்கூடாது என்பதற்காக இப்போதே அச்சில் கேட்கிறேன். கேள்வி என்னுடையதும் இல்லை. அவர் அன்று தொலைபேசியில் கேட்டது.

அந்தப் புதன்கிழமை மாலை, செயின்ட்-மிஷேல் பின் ஒழுங்கையில் நின்று சூசைப்பிள்ளை பார்த்தது என்ன?

எனக்குச் சொல்ல வேண்டாம். ஒலிவாங்கியில், எல்லோருக்கும் கேட்க, அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.